தொடலாம்

ஞாயிறு எனக்கு லீவு கிடையாது.
இரண்டு இரவு கூடுதலாக நிற்கிறேன் என்று
சூப்பர்வைசரிடம் சொல்லி மாற்றி வாங்கினேன்.
கானாடுகாத்தானில் ஓட்டலாகிவிட்ட பங்களாவில்
பதினேழு பெல்ஜியம் கண்ணாடி என் பொறுப்பு.
விடிந்ததும் ஒருமுறை,
வெளிநாட்டார் சாப்பிட்டு எழுந்ததும் ஒருமுறை
விரல் தடம் துடைப்பது வேலை.
விரல் படாமல் பார்ப்பது அதைவிடப் பெரிய வேலை.

பள்ளிக்கூடம் இல்லாத நாளில்
தர்ணிகாவையும் அங்கேதான் கூட்டிப்போவேன்.
தூணைத் தொடாதே.
பித்தளைக் குமிழைத் தொடாதே.
பல்லாங்குழி, பார்க்கத்தான் வைத்திருக்கிறது, தொடாதே.
ஏழு வயது. இரண்டு கையையும்
முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு
தாசில்தார் மாதிரி நடப்பாள்.

காரைக்குடியில் புதுசாகத் திறந்த
குழந்தைகள் அருங்காட்சியகத்துக்குள்ளும்
அப்படியே நுழைந்தாள்.
வாசலில் ஆள் உயர எழுத்து:
இங்கே எல்லாவற்றையும் தொடலாம்.
எழுத்துக்கூட்டிப் படித்தாள். என்னைப் பார்த்தாள்.
மறுபடி படித்தாள்.
"சும்மாவாச்சும் எழுதியிருக்காங்களாம்மா?"

நாத்தனார் முத்துராக்கு அதற்குள்
சூறாவளிப் பெட்டிக்குள் முழங்கைவரை விட்டுவிட்டாள்.
புகை அவள் வளையலைச் சுற்றிச் சுற்றி ஏறியது.
சின்னவன் மணலைக் குவித்தான்.
மேலிருந்து விழுந்த வெளிச்சத்தில் அது மலையாகி
உச்சியில் பனி வெளுத்தது.
நக்கிப் பார்த்தான்.
ஐஸ் இனிக்கவில்லை என்று ஒரே அழுகை.

வீட்டுக்காரர் பூமிநாதனுக்குக் கப்பி நாற்காலி.
உட்கார்ந்து கயிற்றை இழுத்தால்
தன்னைத்தானே தூக்கிக்கொள்ளலாம்.
பதினாலு வருசமாய் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்,
எண்பத்திரண்டு கிலோ,
"ஏய், இங்க பாரு, நான் கனமே இல்ல!" என்று
அந்தரத்திலிருந்து கத்தினார்.
"அங்கிள், எறங்குங்க" என்றன
வரிசையில் நின்ற பிள்ளைகள்.

நான் பார்த்ததெல்லாம் தடம்.
மூக்கு அழுத்திய வட்டம்.
முறுக்கு எண்ணெய் விரல்.
யாரோ ஒரு குழந்தை கண்ணாடிக்குக் கொடுத்த முத்தம்,
அதில் ஒழுகிய கோடு.
முந்தானை தானாக நீண்டது.
பாதி துடைத்த பிறகுதான் கவனித்தேன்,
நீல யூனிஃபார்ம் சேலையில் ஒருத்தி,
கையில் ஸ்ப்ரே பாட்டில், சிரித்துக்கொண்டு.
"விடுங்கக்கா, மூணு நிமிசம் தாங்காது.
மூடினப்புறம் ஒரே துடைப்புதான்.
தடம் இல்லேன்னா கூட்டம் இல்லேன்னு அர்த்தம்.
அன்னைக்கு மானேஜர் மூஞ்சி நல்லாருக்காது."
சம்பளம் கேட்டேன். சொன்னாள்.
என்னைவிட அறுநூறு குறைச்சல்.
தண்ணியில் கொஞ்சம் வினிகர் விடு என்றேன்,
வேறென்ன சொல்ல.

கடைசியாக இருட்டறை.
சுவரோரம் நின்றால் பளிச்சென்று ஒரு வெளிச்சம்.
நாம் நகர்ந்துவிடலாம், நிழல் நகராது.
ஐந்து பேரும் நின்றோம்.
விலகித் திரும்பிப் பார்த்தால்
பச்சைச் சுவரில் கறுப்பாய் நாங்கள்:
அவர் தொந்தி, முத்துராக்கின் கொண்டை,
எப்படியோ தலைகீழாய்ச் சின்னவன்,
என் இடுப்போரம்
கையில்லாத ஒரு சின்ன உருவம்.
வெகுநேரம் பார்த்தாள்.
"என் கை எங்க?"
யாரும் பதில் சொல்லவில்லை.
மறுபடி வரிசையில் போய் நின்றாள், தனியாக.
பத்து விரலையும் விரித்து,
உள்ளங்கை சுவரில் பதிய,
கன்னத்தையும் வைத்துக்கொண்டாள்.
பளிச்.

திரும்பும் பஸ்ஸில் அடங்கவில்லை.
ஜன்னல் கம்பி. ஈர டிக்கெட்.
முன்சீட்டு அம்மாளின் கனகாம்பரம்.
கண்டக்டரின் தோல்பை.
"ஏய், தொடா..." என்று வாயெடுத்தேன்.
"இங்க எங்கம்மா எழுதியிருக்கு?"
தேடினேன்.
புகை பிடிக்காதீர். கை, தலை நீட்டாதீர்.
பாதி உதிர்ந்த ஒரு குறள்.
அது மட்டும் எங்கும் இல்லை.
கண்டக்டர் விசிலைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.
எச்சில் படுமே என்றேன்.
"ஊதட்டும்மா," என்றார், "துடைச்சுக்கலாம்."